மங்கம்மாள் மலையேற்றிய நாற்பத்து மூன்று கற்கள்

1983 பிப்ரவரியில் ஒரு காலை, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகும் பஸ்ஸின் கூரையில் இரண்டு மரப்பெட்டிகளை ஏற்றினார்கள். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார்.

“கல்லு” என்றார் பெட்டிக்காரர்.

“மலையில இல்லாத கல்லா?”

“மலையில எடுத்த கல்லுதாங்க. எடுத்த எடத்துலயே வச்சுப் பாக்கணும்.”

கண்டக்டர் லக்கேஜ் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

பெட்டிக்காரரின் பெயர் செல்வநாதன். சந்தவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். செல்வநாதன் அப்போது சென்னையில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதே துறையில் நான் டைப்பிஸ்ட். அவருடைய ஆராய்ச்சி முழுவதையும் அடித்துக் கொடுத்தது நான்தான். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் சம்பந்தம் அவ்வளவுதான். ஆனால் நான் சொல்ல வந்தது செல்வநாதனைப் பற்றி அல்ல, அந்தக் கற்களை இரண்டு முறை சுமந்த மங்கம்மாளைப் பற்றி. நான் நேரில் பார்த்தது கொஞ்சம். மீதி செல்வநாதன் சொன்னது. பிற்பாடு மங்கம்மாளே சொன்னதும் உண்டு.

காவலூருக்குத் தெற்கே ஏழு மைல் நடந்தால் ஈச்சங்காடு. அந்த நாளில் இருபத்திரண்டு வீடுகள். மங்கம்மாளும் அவள் புருஷன் மாதையனும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டில் சாமையும் கேழ்வரகும் போட்டு, மூன்று புளியமரத்தை உலுக்கி வாழ்ந்தார்கள். பெற்ற நான்கில் பெரியம்மாள் என்ற ஒரு பெண்தான் தங்கியது. எழுபதுகளில் காவலூர் வானாராய்ச்சிக் கூடத்தில் கட்டட வேலை நடந்தபோது மங்கம்மாள் இரண்டு வருஷம் அங்கே மணலும் ஜல்லியும் சுமந்தாள். ஒரு பள்ளத்து மணலில் மண் அதிகம், இன்னொரு பள்ளத்து மணல் சுத்தம். சாயங்காலம் மேஸ்திரி வந்து எந்தக் குவியல் எந்தப் பள்ளத்து மணல் என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாலு நாள் கழித்து மேஸ்திரி மங்கம்மாளை மட்டும் கேட்க ஆரம்பித்தார். தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னதுதான் காரணம் என்று மாதையன் என்னிடம் சொன்னான். அதைப் பெருமையாகச் சொன்னானா, குறையாகச் சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை.

1981 டிசம்பரில் செல்வநாதன் ஈச்சங்காட்டுக்கு வந்தார். கல் சுமக்க ஆள் வேண்டும், மலை தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்றார். ஆண்கள் எல்லோரும் சாமை அறுப்பில் இருந்தார்கள். மங்கம்மாள் வந்தாள். அவளுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது.

அவர் தேடி வந்தது மலையின் வெளிர்ந்த பாறைக்குள் நீளமாக ஓடும் கருப்புக் கல்லை. ஜவ்வாது மலையில் அது பல இடங்களில் உண்டு. சுவர் எழுப்பியதுபோல நேராக, சில இடத்தில் இரண்டு சாண் அகலம், சில இடத்தில் முப்பது அடி அகலம், மைல் கணக்கில் நீளம். படித்தவர்கள் டைக் என்பார்கள். மங்கம்மாள் கரும்பட்டை என்றாள். செல்வநாதனும் மலையில் இருந்தவரை அப்படியே சொன்னார்.

மூன்றாம் நாள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

“இந்தக் கல்ல எடுத்துனு போய் இன்னா பண்ணுவீங்க சார்?”

“பொடி பண்ணி உள்ள இன்னா கீதுன்னு பாப்போம்க்கா. மெக்னீசியம் எவ்ளோ, குரோமியம் எவ்ளோ, அந்த மாதிரி. அத வச்சு இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லலாம்.”

“இங்கதான கீது.”

“இப்போ இங்க கீது. மொதல்ல இது கொழம்பு. நாம நிக்கிற பாறைக்குக் கீழ இருபது மைலு, முப்பது மைலு போனா வேற மாதிரிப் பாறை. அத மேன்டில்னு சொல்லுவாங்க. அது உருகி, மேல இருந்த பாறையப் பொளந்துனு வந்துச்சு. நூறு கோடி வருஷத்துக்கும் மேல ஆச்சு.”

அவள் கோடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “வந்து எங்க ஊத்துச்சு?” என்றாள்.

“மேல. எரிமலை மாதிரி.”

“அந்தக் கல்லு எங்க?”

“ஒண்ணும் இல்லக்கா. மழை கரைச்சுடுச்சு. மேல ஊத்துனது எல்லாமே போச்சு, அதுக்கு அடியில இருந்த பாறையும் கொஞ்சம் போச்சு. நாம பாக்குறது வந்த வழி மட்டுந்தான். வழியிலயே நின்னு ஒறைஞ்சது.”

பிறகு ஒருநாள் செல்வநாதன் என்னிடம் சொன்னார். இப்படி உருகி வரும் பாசால்ட் குழம்பைப் பற்றி வகுப்பு எடுக்கும்போது, மேலே கொட்டியது எங்கே போயிற்று என்று எந்த மாணவனும் அவரைக் கேட்டதில்லையாம்.

வேலை பதினோரு வாரம் நடந்தது. செல்வநாதன் பட்டையைப் பார்த்து, வெயிலில் வெளுத்த மேல்தோலை உடைத்துத் தள்ளிவிட்டு, உள்ளே நீலம் கலந்த கருப்பாக இருக்கும் கல்லைச் சம்மட்டியால் பெயர்ப்பார். முதலில் பெயர்ந்தது சரியில்லை என்றால் இன்னொன்று. ஒரே பட்டையில் ஐந்தாறு இடத்தில் உடைத்துவிட்டுக் கடைசியில் ஒன்றை வைத்துக்கொள்வார். அதைத் துணிப்பையில் போட்டு மங்கம்மாளிடம் கொடுப்பார். மலை வரைபடத்தில் புள்ளி வைத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் கல்லில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் போடுவார். இப்படி நாற்பத்து மூன்று கற்கள் சேர்ந்தன.

1982 மார்ச்சில் அவர் கற்களோடு சென்னைக்கு இறங்கினார். பதினைந்து நாளில் திரும்பி வந்து மலையின் வடக்குப் பக்கத்தை முடிப்பதாகத் திட்டம். அதனால் வரைபடம், இரண்டு நோட்டுப் புத்தகங்கள், சம்மட்டி, பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் ஒரு தகரமூடி போட்ட மரப்பெட்டியில் வைத்து மங்கம்மாள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டுப் போனார். அவர் செய்த தவறு அதுதான். நோட்டுப் புத்தகத்துக்கு நகல் எடுக்கவில்லை.

சென்னைக்கு வந்த வாரமே அவருக்கு மஞ்சள் காமாலை. நான்கு மாதம் சந்தவாசலில் கிடந்தார். எழுந்த பிறகும் மலையேறும் தெம்பு அந்த வருஷம் வரவில்லை. ஆனால் கல் விஷயம் நிற்கவில்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒரு ஓரத்தை அறுத்து, எண்ணை எழுதி, துறையிலிருந்து ஹைதராபாத்தில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு ஐம்பது கல்லுக்கு மேல் செய்து தரமாட்டார்கள். வரிசையும் நீளம். டிசம்பரில் அட்டவணை வந்தது. அதை நான்தான் முதலில் சுத்தமாக அடித்தேன். நாற்பத்தொரு கற்களில் மெக்னீசிய அளவு நூற்றுக்கு ஐந்திலிருந்து எட்டுக்குள் இருந்தது. இருபத்தெட்டாம் எண்ணிலும் முப்பத்தாறாம் எண்ணிலும் பதினைந்துக்கு மேல். குரோமியமும் நிக்கலும் அதே இரண்டில்தான் எக்கச்சக்கம். தப்பாக அடித்துவிட்டேனோ என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

செல்வநாதன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அவர் எனக்கு விளக்கியது இது. மேன்டிலில் உருகும் குழம்பு பெரும்பாலும் ஒரே மூச்சில் மேலே வருவதில்லை. நடுவழியில் எங்கோ தங்கும். தங்கும்போது அதில் உருவாகும் கனமான படிகங்கள் அடியில் தங்கிவிடும். மெக்னீசியமும் குரோமியமும் அவற்றோடு போய்விடும். மிச்சம்தான் மேலே வரும். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அடியில் என்ன இருந்தது என்று சொல்வது சிரமம். எப்போதாவது ஒரு குழம்பு எங்கேயும் நிற்காமல் நேராக வந்திருக்கும். அதில்தான் மேன்டிலின் அசல் சேதி இருக்கும். அந்த இரண்டு கல்லும் அப்படி இருக்கலாம். அல்லது கனமான படிகங்கள் வந்து குவிந்த இடமாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல, கல் எந்தப் பட்டையில், பட்டையின் ஓரத்திலா நடுவிலா, பக்கத்துப் பட்டையை அது வெட்டுகிறதா என்று தெரிய வேண்டும். அதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது.

ஜனவரியில் அவர் ஈச்சங்காட்டுக்குப் போனார். புளி மூட்டையை அடுக்க இடம் போதாமல் மாதையன் மழைக்காலத்துக்கு முன்பே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, மண்தரையில் மூலையோரமாக வைத்திருந்தான். தகரமூடி அப்படியே இருந்தது. திறந்தால் உள்ளே செம்மண். கரையான் அடிப்பலகை வழியாக ஏறி, வரைபடத்தையும் இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் தின்றுவிட்டிருந்தது. ரெக்சின் அட்டையும், இரண்டு இரும்பு கிளிப்பும், சம்மட்டியின் தலையும் மிஞ்சின.

மங்கம்மாள் அந்த மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தாள். ஒரு விரற்கடை அகலத்துக்குக் காகிதத் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் எழுத்து இல்லை. மாதையன் பட்டிக்காவலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காட்டுக் குடிசையில் இரண்டு நாள் தங்கிவிட்டான். அவனை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

“மறுபடியும் ஒடைச்சு எடுத்துனு போலாமே சார்” என்றாள்.

“எடுக்கலாம்க்கா. ஆனா ஹைதராபாத்துல மறுபடி செய்ய மாட்டாங்க. ரெண்டு வருஷம் ஆவும். அதுக்குள்ள என் டைமு முடிஞ்சுடும்.”

“எண்ணு போட்ட கல்லு எங்க?”

“மெட்ராஸ்ல பத்திரமா கீது.”

“இங்க எடுத்துனு வாங்க. கொத்துன வாய் இன்னும் அப்டியேதான் கீது. கல்ல அதுல வச்சுப் பாத்தா தெரியும்.”

செல்வநாதனுக்கு அது முதலில் நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. பேராசிரியரும் சிரித்தார். ஆனால் வேறு வழி எதுவும் யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் அந்த இரண்டு பெட்டிகளும் பஸ் ஏறின.

ஒரு நாளைக்கு ஏழெட்டு கல் என்று பிரித்துக் கூடையில் வைத்து மங்கம்மாள் சுமந்தாள். செல்வநாதனுக்கு மலையும் மேடும் பொதுவாக நினைவிருந்தது. ஆனால் ஒரு சரிவில் பக்கம் பக்கமாகப் பன்னிரண்டு பட்டைகள் ஓடும்; எதில் எடுத்தோம் என்பது நினைவில்லை. மங்கம்மாளுக்கு வேறு மாதிரி நினைவிருந்தது. எந்தக் கல் எந்த ஏற்றத்தில் தலையில் இருந்தது, எங்கே கூடையை இறக்கி வைத்தோம், எந்த இடத்தில் சம்மட்டிக் காம்பு உடைந்தது, எங்கே செல்வநாதனின் செருப்பு வார் அறுந்தது என்பதெல்லாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண்களைப் பார்க்கவும் இல்லை. கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பிப்பாள்.

பட்டையை அடைந்ததும் தழும்பு தழும்பாகத் தேட வேண்டும். கருங்கல் உடைந்த இடம் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடாது. சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரியும். அதில் கல்லை வைத்துத் திருப்புவாள். பொருந்தாவிட்டால் ஆடும். பொருந்தினால் ஒரு மெல்லிய சத்தத்தோடு அமர்ந்துவிடும். விளிம்பில் நகம் நுழையாது. “ஒக்காந்துச்சு” என்பாள். செல்வநாதன் புதிய வரைபடத்தில் புள்ளி வைப்பார். முதல் கல் அப்படி அமர்ந்தபோது அவர் அதை எடுத்து மறுபடி வைத்தார், எடுத்து மறுபடி வைத்தார் என்று மங்கம்மாள் சொன்னாள். “நாலு வாட்டி வச்சாரு. அப்பால நான்தான் நேரம் ஆவுதுன்னு சொன்னேன்.”

ஊரில் சிரிப்பாகத்தான் இருந்தது. மலைக்குக் கல் சுமக்கிறாள் என்றார்கள். சிங்காரம் என்ற பங்காளி, அடுத்தது ஓடைக்குத் தண்ணி சுமக்கப் போறியா என்று கேட்டான். கூலி வருதுல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. நாற்பத்தொரு கற்கள் அமர்ந்தன. இருபத்தெட்டும் முப்பத்தாறும் அமரவில்லை.

அந்த இரண்டும் மழைநாள் கற்கள். போன வருஷம் ஜனவரியில் ஒருநாள் நரிப்பாறை ஓடைப் பக்கம் வேலை செய்தபோது காலமில்லாத காலத்தில் கொட்டித் தீர்த்தது. ஒன்பது கல்லைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி, கைவிட்ட மாட்டுப்பட்டி ஒன்றில் ஒதுங்கினார்கள். மறுநாள்தான் எண் போட்டார், அதுவும் நினைவை வைத்து. அந்த ஒன்பதில் ஏழு இப்போது அமர்ந்துவிட்டன. மீதி இரண்டுக்காக நான்கு நாள் ஓடையைச் சுற்றி நடந்தார்கள்.

ஐந்தாம் நாள் செல்வநாதன் முப்பத்தாறாம் கல்லை நரிப்பாறையின் பெரிய பட்டை நடுவே ஒரு தழும்பில் வைத்தார். முப்பதடி அகலப் பட்டை அது. அந்தத் தழும்பில் வேறு எந்தக் கல்லும் சேரவில்லை.

“இதான்க்கா. ஒக்காந்துச்சு பாருங்க.”

மங்கம்மாள் குனிந்து கல்லின் ஒரு மூலையை விரலால் அழுத்தினாள். ஆடியது.

“இல்ல சார்.”

“ஓரத்த அறுத்துட்டாங்க இல்ல, அதனால ஆடுது.”

“அறுத்த பக்கம் வேற. இது கொத்துன பக்கம். நகம் போவுது பாருங்க.”

“முப்பத்தஞ்சு இந்தப் பட்டையிலதான ஒக்காந்துச்சு. அதுக்கு அடுத்தது இதுதான.”

“மழையில எடுத்ததுக்கு எண்ணு முன்னப்பின்ன ஆயிடுச்சு. முப்பத்தொண்ணுன்னு நீங்க சொன்ன கல்லு எங்க ஒக்காந்துச்சு, நீங்களே பாத்தீங்க.”

அது உண்மைதான். முப்பத்தொன்று, முப்பத்திநான்குக்கும் அந்தப் பக்கம் போய் அமர்ந்திருந்தது. செல்வநாதன் பாறையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியிருந்தது. காமாலை விட்ட உடம்பு.

“அக்கா, இந்த ரெண்டு கல்லுதான் முக்கியம். இத வுட்டுட்டா, ஏன் வுட்டேன்னு கேப்பாங்க. நீங்க இதுதான் எடம்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நான் எழுதிக்குவேன்.”

“நீங்க எழுதிக்குங்க சார். நான் காமிச்சேன்னு எழுதாதீங்க.”

அவள் கல்லை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சி நூலை 1984 கோடையில் அடிக்க ஆரம்பித்தேன். கற்களின் இடம் எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம். மங்கம்மாளின் பெயர், ஊர், தழும்பில் வைத்துப் பார்க்கும் முறை எல்லாவற்றையும் செல்வநாதன் அதில் எழுதியிருந்தார். அதன் கீழே அட்டவணை. முப்பத்தாறாம் எண்ணுக்கு நேராக நரிப்பாறை, பெரிய பட்டை, நடு என்றும், இருபத்தெட்டுக்கும் அதே இடம் என்றும் இருந்தது. பட்டையின் நடுவில் கனமான படிகங்கள் குவிந்ததால் மெக்னீசியம் கூடியது என்று நான்காம் அத்தியாயத்தில் விளக்கம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. எதுவும் மிச்சமில்லாமல் எல்லாம் சரியாக முடிந்தது. நான் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மங்கம்மாள் பெயரை எடுத்துவிடச் சொல்லி அதில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நான் மெஷினில் தாளை ஏற்றினேன். அவர் போகாமல் நின்றார்.

“பேர எடுத்துட்டா அந்த முறையே நிக்காது இல்ல?” என்றார்.

அது எனக்கு எப்படித் தெரியும். அவர் தாளை வாங்கிப் பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். பிறகு அட்டவணையில் அந்த இரண்டு வரியையும் கோடு போட்டு நீக்கிவிட்டு, இடம் உறுதியாகவில்லை, கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் அத்தியாயத்தில் ஆறு பக்கம் போயிற்று. அதற்கு முன் அவர் மனதில் என்னென்ன ஓடியது என்று நான் கேட்டதில்லை.

நூல் சமர்ப்பிக்கப்பட்டது. அவர் பயந்தபடியே, அந்த இரண்டு கற்களையும் ஏன் விட்டீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். இடம் தெரியாது என்று சொன்னார். தேர்வாளர்களில் ஒருவர் அதைக் குறையாக எழுதினார், இன்னொருவர் கண்டுகொள்ளவில்லை. 1985 ஜனவரியில் பட்டம் வந்தது.

அதே வருஷம் மார்ச்சில் துறைக்கு ஒரு பார்சல் வந்தது. தேக்கிலையில் சுற்றி, மேலே துணி தைத்திருந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு தேன்மெழுகுக் கட்டி. கூடவே ஒரு கடிதம். எழுதியவர் கிருஷ்ணன், ஈச்சங்காட்டுக்காரர், வானாராய்ச்சிக் கூடத்துச் சமையலறையில் வேலை. மங்கம்மாள் இதை அனுப்பச் சொன்னாள், கொத்திய வாயில் மெழுகை அமுக்கி எடுத்தது, முப்பத்தாறா இருபத்தெட்டா என்று பார்க்கவும், இப்படிக்கு என்று இருந்தது.

நடந்தது இதுதான். 1983ல் அவர்கள் தேடியபோது ஓடைப் படுகையில் இடுப்பளவு மணல் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஐப்பசி வெள்ளத்தில் மணல் இறங்கிவிட்டது. மார்ச்சில் மங்கம்மாள் கடுக்காய் பொறுக்கப் போனவள், படுகைப் பாறையில் இரண்டு சாண் அகலத்தில் ஒரு கரும்பட்டையைப் பார்த்தாள். அதில் ஒரு தழும்பு. வைத்துப் பார்க்கக் கல் இல்லை. வீட்டில் தேன்மெழுகு இருந்தது. மறுநாள் கொண்டுபோய், வெயிலில் இளக்கி, தழும்பில் அமுக்கி, ஓடைத் தண்ணீர் ஊற்றி இறுகவைத்துப் பெயர்த்தெடுத்தாள்.

வழியில் சூட்டில் மெழுகின் ஒரு பக்கம் உருகிச் சாய்ந்திருந்தது. செல்வநாதன் இரண்டு கல்லையும் மேஜையில் வைத்து, மெழுகை நடுவில் வைத்தார். நானும் போய்ப் பார்த்தேன். மெழுகின் உருகாத பாதியில் படிபோல ஒரு வெட்டு, அதற்குக் கீழே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு புடைப்பு. முப்பத்தாறாம் கல்லின் முகத்திலும் அதே படி, அதே புடைப்பு. செல்வநாதன் அன்று மாலை ரயிலிலேயே கிளம்பிவிட்டார்.

ஓடையில் கல் அமர்ந்தது. நகம் நுழையவில்லை.

அந்தச் சின்னப் பட்டையைத் தொடர்ந்து அவர்கள் படுகையில் நடந்தார்கள். பத்தடி தள்ளி நரிப்பாறையின் பெரிய பட்டை குறுக்கே வந்தது. சின்னப் பட்டை அதற்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியது. அதாவது பெரியது சின்னதை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. சின்னது முன்னால் வந்தது. இவ்வளவு ஒடுங்கிய பட்டையில் படிகங்கள் நின்று குவிய வழியில்லை. ஓரத்தில், பட்டென்று உறைந்து கண்ணாடிபோல இறுகிய பாகத்தில்கூட அதே மெக்னீசியம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. குழம்பே அப்படித்தான் வந்திருக்கிறது. மேன்டிலிலிருந்து முதலில் கிளம்பி, எங்கும் தங்காமல் வந்த குழம்பு. பின்னால் வந்தவைதான் நடுவழியில் தங்கி, இளைத்து வந்தவை. நரிப்பாறை நடு என்று எழுதியிருந்தால் இது தலைகீழாகப் போயிருக்கும்.

செல்வநாதன் இதை மங்கம்மாளிடம் படுகையிலேயே விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ இதான் மொதல்ல வந்தது?”

“இதுவரைக்கும் நாம பாத்ததுல இதான் மொதலு.”

“சின்னதா கீது.”

“ஆமா.”

அவள் இரண்டு சாணையும் கையால் அளந்து பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் என்று செல்வநாதன் சொல்வார். அவளைக் கேட்டபோது, அன்றைக்குக் கடுக்காய் மூட்டையை வழியில் வைத்துவிட்டு வந்ததால் மாடு இழுத்துவிடுமோ என்ற கவலைதான் இருந்தது என்றாள். இரண்டும் இருந்திருக்கலாம்.

1987ல் அந்தப் பட்டையைப் பற்றி ஒன்பது பக்கக் கட்டுரை வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். இடம் கண்டவர் மங்கம்மாள், ஈச்சங்காடு என்று அதில் இருக்கிறது. செல்வநாதன் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார்.

இருபத்தெட்டாம் கல்லை 1985ல் ஓடைக்குப் போனபோதே அவர் மங்கம்மாளிடம் விட்டுவந்திருந்தார். போகும் வழியில் எங்காவது தழும்பு கண்ணில் பட்டால் வைத்துப் பார்க்கட்டும் என்று. மூன்று வருஷம் அவள் அதைக் கடுக்காய்க் கூடையிலும் விறகுக் கட்டிலும் வைத்துக்கொண்டு நடந்தாள். 1988ல் அவர் போனபோது திருப்பிக் கொடுத்துவிட்டாள். இது எங்கள் பக்கத்துக் கல் இல்லை என்றாள். படவேடு அடிவாரத்திலிருந்து முதல்முறை மலையேறியபோது தான் போகிற போக்கில் சிலதை உடைத்தது செல்வநாதனுக்கு நினைவு வந்தது. அதில் ஒன்று பையின் அடியில் தங்கி மழைநாள் கற்களோடு கலந்திருக்கலாம். இரண்டு கோடை அடிவாரத்தில் தேடினார். கிடைக்கவில்லை. இடம் தெரியவில்லை என்று நான் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தேன். கல் துறையின் அலமாரியில் அந்தச் சீட்டோடு இருக்கிறது.

நான் ஈச்சங்காட்டுக்குப் போனது 1989 தை மாதத்தில். செல்வநாதன் கூட்டிப்போனார். மாதையன் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தான். அவர்கள் மகள் பெரியம்மாளைக் கலசப்பாக்கத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் மங்கம்மாள் அங்கே போய்வருவாள். கீழே புழுக்கம் தாங்கவில்லை, தண்ணீர் உப்பு என்று குறைப்பட்டாள். அந்த முறையும் மறுநாள் கிளம்புவதாக இருந்தாள். மகளுக்கு இது ஏழாம் மாதம்.

நான் அவளைப் பற்றி நிறைய அடித்திருக்கிறேன் என்று செல்வநாதன் அறிமுகப்படுத்தினார். அவளுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. நரிப்பாறையில் அன்று சார் அவ்வளவு கேட்டும் ஏன் மாட்டேன் என்றீர்கள் என்று கேட்டேன்.

“பொருந்தல. பொருந்தலன்னு சொன்னேன்.”

“பொட்டிய எறக்குனது உங்க வூட்டுக்காரருன்னு மனசுல இருந்துச்சா?”

“இருந்துச்சு. அதுக்காவத்தான் சொமந்தேன். அதுக்காவப் பொய் சொல்லணுமா?”

மாதையன் களத்திலிருந்து எங்களைப் பார்த்தான். பிறகு முறத்தைத் தூக்கிக் காற்றுக்கு எதிராகத் திரும்பி நின்றுகொண்டான்.

மங்கம்மாள் எங்களுக்குப் புளியும் கொஞ்சம் சாமையும் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டாள். காவலூரில் நான்கரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் மறுநாள்தான், ஏழு மைல் நடக்க உங்களுக்கு மூணு மணி நேரம் ஆகும், இப்பவே கிளம்புங்கள் என்றாள். எங்களுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பஸ் லேட்டாக வந்ததால் கிடைத்தது.